விளிம்பில் நான்கு பொட்டு

உலகத்தின் உயர்ந்த கலைகள் எல்லாமே இடுப்பு வலியில் பிறந்தவை. மற்ற கலைகளுக்கு என்னிடம் சான்று கேட்காதீர்கள். தபால்தலை விளிம்பியல் என்னும் அருங்கலைக்கு நானே சான்று. என் இடுப்பின் இடது பக்கம், ஈஎஸ்ஐ டாக்டர் பேனா முனையால் குத்தி "இங்கேயா?" என்று கேட்ட இடத்தில்தான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பண்பாட்டு மறுமலர்ச்சி தொடங்கியது.

அந்த வலிக்கு ஒரு வரலாறு உண்டு. ஒன்பது வயதில் செங்கல் சூளையில் பச்சைக்கல் சுமந்தபோது விதை விழுந்தது. இருபது வயதில் அரிசி மண்டியில் மூட்டை தூக்கியபோது செடியானது. நாற்பத்தாறு வயதில், அட்டைப்பெட்டிக் கம்பெனியில் லாரியிலிருந்து காகிதக் கட்டு இறக்கக் குனிந்தேன், மரமாகிவிட்டது. நிமிர முடியவில்லை. சூப்பர்வைசர் வந்து சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சுப்பராயா, அப்டியே நிக்கிற? எதுனா தொலச்சிட்டியா?"

ஆனாலும் கம்பெனி என்னைக் கைவிடவில்லை. லோடிங்கிலிருந்து எடுத்து 'வேஸ்ட் செக்‌ஷன்' என்ற இலகுவான துறைக்கு மாற்றியது. அங்கே பாரம் குறைவு. கட்டுக்கு எண்பது கிலோதான்.

அந்தத் துறையில்தான் எனக்கு ஞானம் கிடைத்தது. பிஸ்கட் பெட்டி, சோப்புப் பெட்டி, கொசுவத்திப் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் அட்டைத்தாளில் படம் அச்சடிப்போம். மிஷினில் நாலு மை: நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு. நாலும் ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்க ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் நாலு சின்ன வட்டங்கள் அச்சாகும். மிஷின்காரர் அதைப் பார்ப்பார். சரியாக இருந்தால் தலையாட்டுவார். பிறகு ஓரத்தை வெட்டிக் கீழே தள்ளிவிடுவார்கள். அது எங்கள் செக்‌ஷனுக்கு வரும். அந்த வட்டங்களை நாங்கள் 'பொட்டு' என்போம். எட்டு மாதம் நான் பொட்டு அள்ளினேன், மிதித்தேன், கம்பி போட்டுக் கட்டினேன். பொட்டு என் தலைமுடியில் இருந்தது. சாப்பாட்டு டப்பாவில் இருந்தது.

இந்த நிலையில் என் மருத்துவச் சான்றிதழைத் தலைமை அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பச் சொன்னார்கள். தபால் அலுவலகம் போனேன். கவுன்டரில் நந்தினி என்கிற பெண். பெரிய தாளிலிருந்து இரண்டு தபால்தலைகளைக் கிழித்தாள். ஓரத்தை மடித்துக் குப்பைக்கூடைக்குக் கையை நீட்டினாள். எனக்குப் பகீரென்றது.

"மேடம், ஓரத்தக் கடாசாதீங்க. அதுல பொட்டு கீது."

ரசனையால் சொன்னதல்ல, பழக்கதோஷம். எங்கள் கம்பெனியில் ஓரம் கூடைக்கு வெளியே விழுந்தால் அரை மணி நேரம் திட்டு விழும்.

"பொட்டா?" என்று நந்தினி ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். நாலு வட்டங்கள், வரிசையாக.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் முன்னால் வந்தார். சட்டைப்பையில் பூதக்கண்ணாடி. "சார், நீங்க யாரு?" என்றார்.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அதுவரை என் வாழ்க்கையில் என்னை 'சார்' என்று அழைத்தவை, லோன் வேண்டுமா என்று கேட்கும் போன்கள் மட்டுமே.

அவர் தணிகாசலம். திருநின்றவூரில் சொந்த ஃபிளாட், இங்கே ஒரு வால்வு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர், தபால்தலை சேகரிப்பதில் முப்பது வருட அனுபவம்.

"முப்பது வருஷமா நான் தலையையே பாத்துக்கிட்டிருந்தேன் சார்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க வந்ததும் ஓரத்தைப் பாத்தீங்க! வெளிநாட்டுல இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. இந்தப் பொட்டுக்கு டிராஃபிக் லைட்னு பேரு. பொட்டு இருக்கிற ஓரத்தோட தலை கிடைச்சா அதுக்கு ஒரு மரியாதை. பொட்டு இல்லாத ஓரத்தோட கிடைச்சா அதுக்கு ஒரு மரியாதை."

"ஓரமே இல்லாத தலை சார்?"

"அதுவா," என்று முகத்தைச் சுளித்தார். "அது தபால் அனுப்பத்தான் ஆகும்."

அடுத்த மாதமே 'கும்மிடிப்பூண்டி விளிம்பு வண்ணக்குறி ஆய்வு மன்றம்' உதயமானது. பிரியாணிக் கடை மாடியில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, உறுப்பினர் எழுவர். ஆறு பேர் கம்பெனிகளில் நாற்காலியில் உட்காருகிறவர்கள். ஏழாவது நான். என்னைத் 'தொழில்நுட்ப ஆலோசகர்' என்று ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். மன்றத்திலேயே பொட்டைக் கிலோக் கணக்கில் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்பது நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

முதல் கூட்டத்தில் குடும்ப அறிமுகம் நடந்தது. "என் சம்சாரம் பேரு விக்டோரியா," என்றேன். ஆறு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ராணி படம் போட்ட பழைய தலைகளால் தபால்தலை உலகில் அந்தப் பெயருக்கு அப்படி ஒரு அந்தஸ்தாம். "எந்த வருஷம்?" என்று ஒருவர் தன்னை மறந்து கேட்டுவிட்டார்.

வீட்டில் இருந்த விக்டோரியாவோ வேறு ரகம். "ஊர்ல அவனவன் ஸ்டாம்பு வாங்கினா லெட்டர்ல ஒட்றான். நீ பொஸ்தகத்துல ஒட்டிக்கினு கீற. எட்டு மணி நேரம் பொட்டு பொறுக்கினது பத்தலன்னு ஞாயித்துக்கெயமயும் பொறுக்கப் போறியே, உனுக்கு இன்னா கேடு?" என்பாள். பெரிய முயற்சிகளுக்கு வீட்டில் எதிர்ப்பு இருப்பது சகஜம்.

நான்காவது கூட்டத்தில் தலைவர் தணிகாசலம் ஒரு முக்கியமான உரை ஆற்றினார்.

"ஆல்பத்துல தூங்குற பொட்டுக்குப் பாதி மதிப்புதான். நிஜமான கடிதத்துல, நிஜமான தேவைக்காக ஒட்டி, நிஜமாவே பயணம் போன பொட்டுக்குத்தான் முழு மதிப்பு. அதுக்குப் பேரு 'பயணப்பட்ட உறை'. ஆகஸ்ட்ல திருவள்ளூர்ல கண்காட்சி வருது. நம்ம மன்றத்துலேருந்து ஒண்ணாவது போகணும்."

"நமக்கு நாமே ஒரு லெட்டர் எழுதிப் போட்டுக்கிட்டா?" என்றார் ஒருவர்.

"நடுவர்கள் மோப்பம் பிடிச்சிடுவாங்க. தேவை நிஜமா இருக்கணும்."

ஏழு பேரும் யோசித்தோம். ஒருவருக்கும் கடிதம் எழுதும் தேவை இல்லை. எல்லோரிடமும் போன் இருந்தது. 'நிஜமான தேவையைத் தேடிக் கண்டடைய உறுப்பினர்கள் ஆவன செய்ய வேண்டும்' என்று தீர்மானம் போட்டுவிட்டு பிரியாணி சாப்பிட்டோம்.

தேவை எங்கள் கம்பெனியிலேயே இருந்தது. பெயர் ரோசம்மாள்.

ரோசம்மாள் பஞ்சிங் மிஷினில் வேலை செய்தவள். அச்சான அட்டையைப் பெட்டி வடிவத்தில் வெட்டுகிற மிஷின் அது. மார்ச் மாதம் ஒரு மத்தியானம், உள்ளே சிக்கிய அட்டையை எடுக்கக் கையை விட்டாள். கை வந்தது; ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வரவில்லை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் கம்பெனியின் காகித வேலை முடிந்திருந்தது. 'வீட்டில் அம்மிக்கல் விழுந்து காயம்' என்று எழுதிவைத்திருந்தார்கள்.

"எங்க ஊட்ல ஏதுண்ணே அம்மி?" என்றாள் ரோசம்மாள். "மிக்சிதான் கீது. அதுவும் ரிப்பேரு."

வேலையில்தான் விரல் போனது என்று அரசாங்கம் பதிவு செய்தால் ஈஎஸ்ஐயில் மாதாமாதம் ஏதோ வரும். ஒரு கையால் செய்கிற வேலையாகக் கேட்கவும் வழி உண்டு. இல்லையென்றால் அவள் அம்மிக்கல் விழுந்தவள், அவ்வளவுதான். சென்னையில் உள்ள ஈஎஸ்ஐ அலுவலகத்துக்குப் போய் நின்றாள். சாட்சிக் கையெழுத்தோடு மனுவாக அனுப்பு, ஜூன் இருபதாம் தேதிக்குள் வந்து சேர வேண்டும், அதற்குமேல் இந்தக் கோப்பை மூடிவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மனுவை எழுதியது நான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மிஷின் பக்கத்தில் நின்றிருந்த ஆரம்பாக்கத்துக் குணா சாட்சிக் கையெழுத்துப் போட்டான். ரோசம்மாள் இடது கையால் போட்டாள். 'ரோ' மட்டும் புரிந்தது. சத்தம் கேட்டு முதலில் ஓடியவன் நான்தான். ஆனால் நான் கையெழுத்துப் போடவில்லை. மனுவை எழுதியவனே சாட்சியும் சொல்வது எழுத்து மரபுக்கு ஏற்றதல்ல என்று அவளுக்கு விளக்கினேன். அப்படி ஒரு மரபு இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

"பரவால்லண்ணே, நீ போஸ்ட் பண்டு, போதும்," என்றாள். "ஸ்பீடு போஸ்ட்ல போடு. ரசீது வாங்கியாந்து குடு. இருபதுக்குள்ள போயாவணும்."

அவள் தங்கியிருந்த லைன் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. அதனால் அனுப்புநர் இடத்தில் 'ரோசம்மாள், மேற்பார்வை சுப்பராயன்' என்று என் வீட்டு விலாசம் எழுதினேன். தபால் செலவுக்குக் காசு நீட்டினாள். வாங்க மறுத்துவிட்டேன். தபால்தலை என் செலவு என்றேன். கண் கலங்கிவிட்டாள். எனக்கும் கலங்கியது. அந்த வாரம் தபால் அலுவலகத்தில் புதுத்தாள் வந்திருந்தது.

அழகான தாள். கருநீலத் தபால்தலைகள். அதில் என்ன படம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நடுப்பகுதியை நான் பார்ப்பதில்லை. கடைசி வரிசையில் ஐந்து தலைகள், அதன் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளை ஓரம், ஓரத்தில் நான்கு பொட்டு. நாலும் பிசிறில்லாமல் விழுந்திருந்தன. மிஷின்காரர் தலையாட்டியிருப்பார்.

இங்கே இரண்டு தொழில்நுட்பச் சிக்கல்கள் எழுந்தன. ஸ்பீடு போஸ்ட் என்றால் உறையின் முகத்தில் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அது பொட்டுமேல் விழும். எனவே சாதாரணத் தபால் என்று முடிவு செய்தேன். சாதாரணத் தபாலுக்கு ரசீது கிடையாது. அது சிறிய விஷயம். இரண்டாவது, ஐந்து தலை நீளப் பட்டையை ஓரத்தோடு ஒட்டினால் உறையின் முகம் முழுக்க அடைபட்டுவிடுகிறது. விலாசத்தைச் சுருக்கிக் கீழ் மூலைக்குக் கொண்டுபோனேன். அப்படியும் ஓரம் கடைசி இரண்டு வரிகளை மறைத்தது. வேறு பெரிய உறை வாங்கியிருக்கலாம்தான். ஆனால் அதைவிடப் பெரிய உறை கண்காட்சிச் சட்டத்தில் அடங்காது என்று தலைவர் சொல்லியிருந்தார்.

ஜூன் ஒன்பதாம் தேதி. பெட்டியில் போட்டால் முத்திரை எங்கே விழும் என்று சொல்ல முடியாது. கவுன்டருக்கே போனேன்.

"மேடம், பொட்டுமேல படாம முத்திரை குத்திக் குடுங்க."

நந்தினி உறையை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"பின்கோடு எங்க சார்?"

"அடியில கீது மேடம்."

"எதுக்கு அடியில?"

"பொட்டுக்கு அடியில."

"ஆபீஸ் பேரும் பாதிதான் இருக்கு. போய்ச் சேராது சார். ஓரத்தக் கிழிச்சிடுங்க, தெரியும்."

ஓரத்தைக் கிழிப்பதாம். அரசு ஊழியர், வயதும் சின்னது. மன்னித்தேன்.

"தபால்துறைக்கு அனுபவம் அதிகம் மேடம். கண்டுபுடிச்சிடுவாங்க. நீங்க முத்திரைய மட்டும் அயகா குத்துங்க."

குத்தினாள். ஐந்து தலைகளிலும் ஐந்து வட்டம், ஊர் பெயரும் தேதியும் தெளிவாக. பொட்டுமேல் ஒரு துளி மை படவில்லை. அவளுடைய அந்த மணிக்கட்டு நேர்த்தியை மன்றத்தின் சார்பில் பாராட்டினேன். "அடுத்து வாங்க," என்றாள், எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து.

ஜூன் பதினாறாம் தேதி, திங்கட்கிழமை, தபால்காரர் வீட்டு வாசலில் நின்றார். கையில் அதே உறை. 'விலாசம் முழுமையாக இல்லை, அனுப்புநருக்குத் திருப்புக' என்று எழுதி, அனுப்புநர் விலாசத்தை நோக்கி ஒரு சிவப்பு அம்புக்குறி. சென்னையில் அது இரண்டு தபால் அலுவலகங்களைச் சுற்றியிருந்தது. இரண்டின் முத்திரையும் பின்பக்கம், தேதி தெரியாமல் மங்கலாக.

நான் பொய் சொல்ல விரும்பவில்லை. முதல் கணம் ரோசம்மாளைத்தான் நினைத்தேன். அந்தக் கணம் உண்மையாகவே இருந்தது. இரண்டாவது கணம் தலைவருக்குப் போன் போட்டேன்.

"சார், கவர் திரும்பி வந்துட்சி."

"திறந்துட்டீங்களா?" என்று அலறினார்.

"இன்னும் இல்ல சார்."

"திறக்காதீங்க! எத்தனை ஆபீஸ் முத்திரை?"

"நம்ம ஊரோட சேத்து மூணு."

"அம்பு?"

"கீது சார். செகப்புல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சுப்பராயன் சார்," என்றார், "திரும்பி வந்த உறை. மூடின உறை. பொட்டோட. இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

"உள்ள ஒரு மனு கீது சார்..."

"இருக்கட்டும், இருக்கட்டும். அதுதானே நிஜமான தேவை!"

இருபதாம் தேதிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயில் ஓடுகிறது. திங்கள் ஓடியது, செவ்வாய் ஓடியது, புதன் ஓடியது, வியாழனும் ஓடியது. நான் காகிதத்தை மஞ்சளாக்காத பிளாஸ்டிக் உறை தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினேன். இடுப்பு வலிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை கம்பெனி கேட்டில் ரோசம்மாள் நின்றிருந்தாள். கேட்டுக்கு உள்ளே விட மாட்டார்கள். அம்மிக்கல் விழுந்தவளுக்கு உள்ளே என்ன வேலை?

"போச்சாண்ணே?"

"போச்சு ரோசம்மா."

இது பொய்யல்ல. போனது. வந்ததைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"ரசீது?"

"ஊட்ல எங்கியோ கீது. தேடித் தரேன்."

ஜூலையில், மனு வந்து சேரவில்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ரோசம்மாள் அழுது நின்றதில் அங்கே ஒரு அம்மாள் இரங்கி, இருபதாம் தேதிக்கு முன்னாலேயே அனுப்பியதற்கு அத்தாட்சி ஏதாவது இருந்தால் கொண்டு வா, கோப்பைத் திறந்து பார்க்கிறோம் என்றாராம். அதிலிருந்து வாரம் இரண்டு தடவை கேட் வாசலில் என்னைப் பிடித்தாள். "ரசீது கெடச்சிதாண்ணே?" "தேடிக்கினே கீறேன் ரோசம்மா." நான் கேட்டை விட்டு சைக்கிள் ஸ்டாண்டு வழியாகப் போகப் பழகிக்கொண்டேன். அது சுற்றுவழி. இடுப்புக்கு நடைப்பயிற்சி நல்லது என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

ஆகஸ்டில் திருவள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி. மணமக்கள் உட்காரும் மேடையில் நடுவர்கள் உட்கார்ந்தார்கள். எங்கள் உறை, கண்ணாடிச் சட்டத்துக்குள், கீழே அச்சடித்த அட்டையோடு நின்றது: 'பயணப்பட்ட உறை. திரும்பியது. திறக்கப்படாதது. உரிமை: திரு. சுப்பராயன்.'

திரு. என் ரேஷன் கார்டில்கூட அது கிடையாது.

தலைமை நடுவர் கண்ணாடிமேல் மூக்கு இடிக்கும்படி குனிந்து பார்த்தார். "உள்ளே என்ன இருக்கு?" என்றார்.

"தெரியாது சார்," என்றார் தணிகாசலம், பெருமையோடு. "யாரும் பார்க்கலை."

வெள்ளிப் பதக்கம் அறிவித்தார்கள். தலைவர் ஏற்புரை ஆற்றினார்: "உலகம் நடுவில் இருப்பதைத்தான் பார்க்கிறது. விளிம்பில் இருப்பதைக் கிழித்து எறிகிறது. விளிம்பில் இருப்பவற்றைக் குனிந்து பார்க்கவும், பாதுகாக்கவும், உரிய இடத்தில் வைக்கவும் நம் மன்றம் பிறந்திருக்கிறது!" மண்டபமே கை தட்டியது. எல்லோரையும்விட பலமாகத் தட்டியவன் நான். சூளையில் வளர்ந்த கை. சத்தம் நன்றாக வரும்.

சாயங்காலம், பதக்கத்தைக் கழுத்தில் போட்டு, சட்டத்தைக் கையில் பிடித்துப் படம் எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தேன். 'வெள்ளி! விளிம்பு வாழ்க!' என்று எழுதினேன். நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். யார் யார் பார்த்தார்கள் என்று பார்க்கிற பழக்கம் எனக்கு இருந்திருக்கலாம்.

மறுநாள் காலை நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரோசம்மாள் வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. போனை நீட்டினாள். என் படம். வலது கைக் கட்டைவிரலையும் மோதிர விரலையும் வைத்து அதைப் பெரிதாக்கினாள். அந்த விரல்கள் புது வேலைக்குப் பழகியிருந்தன. என் முகம் திரையை விட்டு வெளியே போனது. பதக்கம் போனது. உறை மட்டும் நின்றது.

"இது இன்னாண்ணே?"

"இது வந்து, பயணப்பட்ட உறை ரோசம்மா."

"அனுப்புநர்னு போட்டு என் பேர் கீது."

"கீது. அது இல்லன்னா நடுவருங்க நிஜமான தேவைன்னு ஒத்துக்க மாட்டாங்க."

உள்ளே விக்டோரியா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப போவல."

"போச்சு. போயி வந்துட்சி. அதான் அதோட சிறப்பே..."

"உள்ள மனு?"

"உள்ளயேதான் கீது. பத்ரமா. ஒருத்தரும் தொறக்கல."

"ஆபீசரும் தொறக்கல, நீயும் தொறக்கல," என்றாள் ரோசம்மாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எனக்கு வசதியாக இருந்திருக்கும். "குணா கையெய்த்து அதுல கீதுண்ணே. அவன் காட்டுப்பள்ளிக்குக் கப்பல் வேலைக்குப் பூட்டான். போன் போட்டா எடுக்க மாட்றான். சரி, உடு. இந்த முத்திரைல ஜூன் ஒம்போதுன்னு கீதில்ல? அதான் அத்தாட்சி. அந்தம்மா அதத்தான் கேக்குது. கவரக் குடுத்துடு. நான் கெளம்பறேன், இப்பவே ரயிலப் புடிச்சா மத்தியானத்துக்குள்ள பூடலாம்."

"எட்த்துக் குட்றா," என்றாள் விக்டோரியா, பின்னாலிருந்து. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என்னை அவள் 'டா' போட்டது அன்றுதான்.

நான் எழுந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். அது மன்றத்தில் கற்றுக்கொண்டது.

"ரோசம்மா, கவரு இப்ப எங்கிட்ட இல்ல. மன்றத்தோட பாதுகாப்புல கீது. ஜனவரில மாநிலக் கண்காட்சி வருது. அதுவரிக்கும் எடுக்கக் கூடாதுன்னு விதி. தங்கம் வந்தாலும் வரும். தங்கம் வந்தா உன் பேரும்தான் அதுல வரும். பேஜார் படாத. அதுவரிக்கும் ஒரு ஏற்பாடு பண்ணித் தரேன்."

கடைத்தெருவுக்கு ஓடினேன். கைப்பையில் இருந்த உறையை எடுத்துக் கலர் ஜெராக்ஸ் போட்டேன். சாதாரணத் தாளில் அல்ல, வழவழப்பான தாளில். செலவைப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் எடுத்து, கசங்காமல் கொண்டுவந்து கொடுத்தேன்.

ரோசம்மாள் வாங்கிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். கருநீலத்துமேல் கறுப்பு முத்திரை. நிஜ உறையைச் சாய்த்தால் தேதி மின்னும். ஜெராக்ஸில் ஐந்து தலைகளும் ஐந்து கறுப்புக் கட்டங்களாக விழுந்திருந்தன. கீழே வெள்ளை ஓரத்தில் நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு.

பதினோரு வருடம் அச்சு அட்டையைக் கையில் பிடித்தவள் அவள். பழக்கத்தில் பார்வை முதலில் ஓரத்துக்குத்தான் போனது.

"பொட்டு நாலும் சரியா வியுந்து கீதுண்ணே," என்றாள். "தேதிதான் தெரில."

தாளை மடிக்காமல் என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜெராக்ஸை ஆல்பத்தில் வைத்திருக்கிறேன். மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் ரோசம்மாள் சொன்னதை, முதல் பாதியை மட்டும், துறை வல்லுநர் ஒருவரின் கருத்தாகப் பதிவு செய்தோம்.

உறை மன்றத்தின் பாதுகாப்பில் இல்லை. அப்படி ஒரு விதியும் இல்லை. வீட்டு பீரோவில் வைத்தால் விக்டோரியா எடுத்துக் கொடுத்துவிடுவாள். அதனால் கம்பெனியில் என் லாக்கரில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கிறேன். குனிந்தால் சாவி இடுப்பில் குத்துகிறது. லாக்கரிலிருந்து பஞ்சிங் மிஷின் இருபது அடி. அதில் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள்.

இன்று நவம்பர் பதினேழு. அந்த உறையை இன்னும் யாரும் திறக்கவில்லை. ரோசம்மாளுக்கு நான் ஒரு உறை பாக்கி.